கதவை மூடிவிடாதீர்கள்: ஹில்மா ஆஃப் கிளின்ட் அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளின்ட் வரைந்த ‘கோயிலுக்கான ஓவியங்கள்’ தொகுதியை இனி அருங்காட்சியகங்களில் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டாம், ஆன்மிகத் தேடல் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய ஓர் இடத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணம் உங்கள் குழுவின் தலைமையிலிருந்தே எழுந்திருப்பதாக 2025இல் செய்திகள் வந்தன. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அந்த 193 ஓவியங்களையும் எல்லாருக்கும் திறந்தே வைத்திருங்கள்.

சென்னையில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தருகிறவள் நான். ஹில்மாவின் மூல ஓவியம் எதன் முன்னாலும் இதுவரை நின்றதில்லை. அச்சுப் புத்தகத்திலும் கணினித் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன். கதவு மூடப்பட்டால் வெளியே நிற்கப்போகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதுதான் இந்த மடலை எழுத எனக்கு உள்ள உரிமை. தமிழில் எழுதுவது, உங்களோடு சேர்த்து இங்கே இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. யார் இந்த ஹில்மா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஆகவே உங்களுக்கு மனப்பாடமான கதையைச் சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1862 அக்டோபர் 26 அன்று, ஸ்டாக்ஹோமை ஒட்டிய கார்ல்பெர்க் மாளிகையில் பிறந்தவர் ஹில்மா. அந்த மாளிகையில் படைப்பயிற்சிக் கல்லூரி இயங்கியது. தந்தை கடற்படை அதிகாரி. முன்னோர் ஒருவர் ஸ்வீடனின் கடல் வரைபடங்களைத் தொகுத்தவர். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தையும் பாறையையும் கோடாகவும் எண்ணாகவும் தாளில் இறக்கும் வேலை அந்தக் குடும்பத்தின் தொழிலாகவே இருந்தது. ஹில்மாவின் குறிப்பேடுகளில் எழுத்துக்கும் நிறத்துக்கும் சுருளுக்கும் அவர் வகுத்துக்கொண்ட பொருள் அட்டவணைகளை அச்சில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரைபடக்காரரின் ஞாபகம் வரும். நீலம் பெண், மஞ்சள் ஆண், இரண்டும் கலந்த பச்சை அவர்களின் ஒருமை. சுருள் வளர்ச்சிக்குரியது. இப்படி ஓர் ஒழுங்கோடு வேலை செய்தவரை ‘ஏதோ மயக்கத்தில் கிறுக்கியவர்’ என்று சிலர் ஒதுக்கியது எவ்வளவு பெரிய அநியாயம்!

1882இல் ஸ்டாக்ஹோம் அரசக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவின் பல கலைப்பள்ளிகள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலம் அது. 1887இல் சிறப்புத் தகுதியோடு தேறினார். கழகம் அவருக்கு நகரின் நடுவில், மற்ற ஓவியர்களோடு பங்கிட்டுக்கொள்ள ஓர் ஓவியக்கூடம் தந்தது. நிலக்காட்சி, உருவப்படம், செடிகொடிகளின் அறிவியல் படம் என்று வரைந்து தன் உழைப்பில் வாழ்ந்தார். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கால்நடை மருத்துவ நிறுவனத்துக்காக அறுவைச் சிகிச்சைப் படங்கள்கூட வரைந்திருக்கிறார். கைத்திறன் இல்லாததால், கண்ணுக்குத் தெரியும் உருவங்களை விட்டு அரூப ஓவியத்துக்குப் போனவர் அல்லர் அவர். குதிரையின் தசையை நரம்பு பிசகாமல் வரையத் தெரிந்த கைதான் பிறகு தரையில் விரித்த பெருந்தாளில் சுழன்றது. என் மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது அவருடைய செடிப் படங்களைத்தான். அவற்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பார்த்தால், ‘இது என்ன, நானும் வரைவேனே’ என்ற பேச்சு அவர்கள் வாயில் வருவதில்லை.

1880இல் அவருடைய தங்கை ஹெர்மினா பத்து வயதில் இறந்துபோனாள். ஆவிகளோடு பேசும் அமர்வுகள் மீது ஹில்மாவுக்கு ஏற்பட்ட ஈடுபாடு அந்த இழப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது வழக்கம். 1896இல் நான்கு தோழியரோடு சேர்ந்து ‘ஐவர்’ என்ற குழுவை அமைத்தார். அன்னா காசெல், கொர்னீலியா செடர்பெர்க், சிக்ரிட் ஹெட்மன், மத்தில்டா நில்சன் மற்ற நால்வர். வாரந்தோறும் கூடித் தொழுது, தியானித்து, கை போன போக்கில் எழுதவும் வரையவும் செய்தார்கள். உயர் உலகத்திலிருந்து தங்களோடு பேசியவர்களின் பெயர்களையும் குறித்துவைத்தார்கள். அமாலியேல், கிரிகோர், கியார்க், கிளெமென்ஸ். அந்தப் பட்டியலில் ஆனந்தா என்றொரு பெயரும் இருக்கிறது. புத்தரின் அணுக்கச் சீடர் பெயர் ஸ்டாக்ஹோம் வீடொன்றின் பிரார்த்தனை அறைக்குள் போயிருக்கிறது.

அந்தப் பெயர் போன வழிகளில் ஒன்று எங்கள் ஊர் வழியானது. பிரம்ம ஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) தலைமையகம் 1882ஆம் ஆண்டின் கடைசியில் அடையாற்றுக்கு வந்தது. ஹில்மா கலைக் கழகத்தில் காலடி வைத்த அதே ஆண்டு. 1904இல் ஹில்மா ஸ்டாக்ஹோமில் அச்சபையின் அடையாறு அணியில் உறுப்பினரானார். எண்ணங்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் நிறமும் வடிவமும் உண்டு என்று வண்ணப் படங்களோடு அச்சபையைச் சேர்ந்த அன்னி பெசண்டும் லெட்பீட்டரும் எழுதிய நூல் 1905இல் வெளியானது. அரூப ஓவியத்தின் முன்னோடிகள் என்று சொல்லப்படும் காண்டின்ஸ்கியும் மோந்திரியானும்கூட அந்தச் சபையின் எழுத்துகளிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தாம். மோந்திரியான் 1909இல் நெதர்லாந்தில் உறுப்பினராகவே சேர்ந்தார். அவர்கள் இருவரையும் எந்த அருங்காட்சியகமும் ‘ஆவி பிடித்தவர்கள்’ என்று தள்ளிவைக்கவில்லை.

1906 தொடக்கத்தில் அமாலியேல் இந்தக் கோயில் ஓவியங்களை வரையும் பணியைத் தர, ஹில்மா ஏற்றார். மற்ற தோழியர் அந்தப் பணியை ஏற்கத் தயங்கினார்கள் என்கிறது அவர்களின் வரலாறு. அந்த நவம்பரில் ‘ஆதிக் குழப்பம்’ என்னும் வரிசையின் சிறு படங்கள் தொடங்கின. மொத்தம் 26. காண்டின்ஸ்கி தம் முதல் அரூப ஓவியம் என்று சொல்லிக்கொண்டது 1911ஆம் ஆண்டுக்குரியது. ஹில்மாவோ தொடங்கிய அடுத்த ஆண்டே, 1907 அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், ‘மிகப்பெரிய பத்து’.

இந்தப் பத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். அகலம் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாளில் டெம்பரா வண்ணம், பிறகு அந்தத் தாள் துணியில் ஒட்டப்பட்டது. ஒரு படத்துக்கு நான்கு நாள் என்று குறிப்பு சொல்கிறது. அந்தக் காலத்து ஸ்டாக்ஹோமில் ஒரு பெண் இந்த அளவில் வரைவதற்கு முன்மாதிரி ஏது? ஓவியத் தாங்கியில் நிறுத்த முடியாத தாளைத் தரையில் விரித்து, அதன் மேலேயே நின்றும் குனிந்தும் வரைந்திருக்கிறார். முதல் இரண்டும் குழந்தைப் பருவம், கருநீலப் பின்னணி. அடுத்த இரண்டும் இளமை. அங்கே ஆரஞ்சு நிறம் பொங்குகிறது. ஐந்திலிருந்து எட்டுவரை நடுவயது, வெளிர் ஊதா. கடைசி இரண்டில் முதுமை. நிறம் வெளுத்து, வடிவங்கள் அடங்கி, ஒரு சமநிலைக்கு வருகின்றன. மனித வாழ்க்கை முழுவதையும் ஓர் உருவம்கூட வரையாமல் சொல்லியிருக்கிறார். பூவிதழ் போன்றவை, நத்தைச் சுருள் போன்றவை, கையெழுத்தாக ஓடிப் படிக்க முடியாத சொற்களாக முடிகிறவை. அப்போது அவருக்கு வயது 45.

உள்ளங்கை அளவு திரையில் இந்தப் பத்தைப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது அழகான வடிவமைப்பு மட்டும்தான். மூன்று மீட்டர் உயரத்தின் கீழ் நிற்கும்போது கழுத்து நிமிர வேண்டியிருக்கும். ஒரே பார்வையில் முழுவதும் அடங்காது. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடக்க வேண்டும். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைக்குக் கால் நடந்துதான் போகும். அளவு என்பது இங்கே பொருளின் பகுதி. நேரில் பார்த்து வந்தவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. இதைப் பிரதிகளால் ஈடுசெய்ய முடியாது என்பது உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்காது.

1908இல் ஹில்மாவின் தாய்க்குக் கண் பார்வை போனது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பெரும்பணி நின்றது. நாளும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் மகள். இதை வரலாற்றாசிரியர்கள் ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொண்டு, தன் வேலையை அடுக்கிவைத்துக் காத்திருந்த எந்தப் பெண்ணாலும் அப்படிக் கடக்க முடியாது. 1912இல் மீண்டும் தொடங்கினார். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு அன்னங்கள் ஒரு கோட்டில் அலகும் சிறகும் தொட்டு நிற்க, படத்துக்குப் படம் உருவம் கரைந்து வெறும் வட்டங்களாகி, கடைசியில் அன்னங்களாகவே திரும்பிவரும் அந்த வரிசை 1914, 1915 ஆண்டுகளுக்குரியது. 1915இல் மூன்று பலிபீடப் படங்களோடு தொகுதி நிறைந்தது. கறுப்புப் பின்னணியில் வானவில் நிறப் படிகள் முக்கோணமாக ஏறிப் பொன்வட்டத்தைத் தொடுகிற முதல் படம் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளிலும் அச்சாகியிருக்கிறது.

இனி, நீங்கள் எடுக்க நினைக்கும் முடிவுக்கு வருகிறேன்.

உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அறக்கட்டளை விதிகள் ஆன்மிக அறிவைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் படைப்புகள் கிடைக்க வேண்டும் என்று சொல்கின்றன. கோயில் ஓவியங்களை விற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. 2022இல் அந்த 193 ஓவியங்களின் இலக்கமுறைப் பிரதிகள் விற்பனைக்கு வந்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. குவளையிலும் கழுத்துத்துணியிலும் பலிபீடப் படத்தை அச்சிட்டு விற்பதைப் பார்க்கும்போது இதற்காகவா அவர் தரையில் மண்டியிட்டார் என்று கேட்கத் தோன்றுகிறது. அருங்காட்சியகங்கள் செய்கிற இன்னொரு தவறும் உண்டு. ‘காண்டின்ஸ்கிக்கு முந்தியவர்’ என்ற ஒற்றைப் பட்டத்தைச் சூட்டி, அவர் எதை நம்பினார், யாரோடு பேசுவதாக எண்ணினார் என்பதையெல்லாம் சங்கடத்தோடு சுவரின் ஓரத்துச் சிறு எழுத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம்பிக்கையைக் கழற்றிவிட்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இதில் நான் முழுக்க உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் அதற்கு மருந்து பூட்டு அல்ல.

ஹில்மா தம் ஓவியங்களை மறைத்தே வைத்திருந்தார், இருபது ஆண்டு யாரும் பார்க்கக் கூடாது என்று உயில் எழுதினார் என்ற கதை நெடுநாள் ஓடியது. ஒதுங்கி வாழ்ந்த துறவி என்ற உருவத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. யூலியா ஃபோஸ் போன்ற ஆய்வாளர்கள் உங்கள் ஆவணங்களுக்குள் இறங்கிப் படித்த பிறகு வேறு ஒரு ஹில்மா வெளிப்பட்டார். ஆந்த்ரபாசபி என்னும் ஆன்மிக இயக்கத்தை நிறுவிய ருடால்ஃப் ஸ்டைனரிடம் ஓவியங்களைக் காட்டியவர். அந்த இயக்கத்தின் மையமான, சுவிட்சர்லாந்தின் டோர்னாக்குக்கு மீண்டும் மீண்டும் பயணம் செய்து, இவற்றுக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று பார்த்தவர். பெரிய ஓவியங்களைத் தூக்கிச் செல்ல முடியாது என்பதால், ஒவ்வொன்றின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தையும் சிறிய நீர்வண்ணப் பிரதியையும் எதிரெதிரே ஒட்டி, பத்து நீலநிறத் தொகுப்பேடுகளாகச் செய்துகொண்டவர். கையில் எடுத்துச் சென்று காட்டுவதற்காகச் செய்த கண்காட்சி அது. 1928இல் லண்டனில் நடந்த ஆன்மிக அறிவியல் மாநாட்டில், அறுபதைக் கடந்த வயதில், தம் ஓவியங்களைக் கொண்டுபோய்க் காட்டியவர். மறைக்க விரும்புகிறவர் இதையெல்லாம் செய்வாரா?

1932இல்தான், தம் இறப்புக்குப் பிறகு இருபது ஆண்டு கழித்தே திறக்க வேண்டியவை எவை என்று குறியிட்டார். எழுபதை எட்டிய பெண், தட்டிய கதவுகள் திறக்கவில்லை என்று கண்ட பிறகு எடுத்த முடிவு. இன்றுள்ளவர்களுக்குப் புரியாவிட்டால் நாளை வருகிறவர்களுக்குப் புரியட்டும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. இருபது ஆண்டு என்று அவர் எழுதியது திறப்பதற்கு வைத்த நாள். அந்த நாள் 1964இலேயே வந்துவிட்டது. இன்னின்னார் மட்டும் பார்க்கலாம் என்று ஒரு வாயில்காப்போனை நியமிக்க அந்தக் குறிப்பில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

1944 அக்டோபர் 21 அன்று, டிராம் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்த காயத்தின் பின்விளைவால் ஹில்மா இறந்தார். 82ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மோந்திரியான் அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் இறந்திருந்தார். காண்டின்ஸ்கி டிசம்பரில் பாரிஸ் அருகே இறந்தார். ஒரே ஆண்டில் மூவர். இருவரை உலகம் அறிந்திருந்தது. மூன்றாமவரின் 1,200க்கும் மேற்பட்ட படைப்புகளும் ஏறத்தாழ 26,000 பக்கக் குறிப்புகளும் அவருடைய அண்ணன் மகனிடம் போய்ச் சேர்ந்தன. கோடை வெப்பமும் பனிக்காலக் குளிரும் மாறி மாறித் தாக்கும் பரணில் சுருட்டிக் கிடந்தன. 1970ஐ ஒட்டி ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தபோது அன்றைய இயக்குநர் ஏற்கவில்லை. ஆவிகளோடு பேசியவரின் படங்கள் என்பதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. ஹில்மாவின் உறவினர்களான உங்கள் குடும்பத்தவர் அப்போது சலித்துப்போய் அவற்றைக் கைவிட்டிருந்தால் இன்று பேசுவதற்கே எதுவும் இருந்திருக்காது. 1972இல் அறக்கட்டளையை ஏற்படுத்திக் காத்தீர்கள். அதற்கு உலகம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, நானும்தான்.

1986இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம் நடத்திய, கலையின் ஆன்மிக வேர்களைப் பற்றிய கண்காட்சியில் அவர் முதன்முறையாகப் பெரும் அரங்கில் தோன்றினார். உடனே ஓர் அமெரிக்க விமர்சகர், இவை வண்ணம் தீட்டிய விளக்கப்படங்களே, பெண் என்பதால்தான் இவ்வளவு இடம் தருகிறார்கள் என்னும் பொருள்பட எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 2012 டிசம்பரில், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1910 முதல் 1925 வரை அரூபக் கலை பிறந்த வரலாற்றைப் பெருங்கண்காட்சியாக வைத்தபோது அதில் ஹில்மா இல்லை. அந்தக் கண்காட்சியின் பார்வை, ஒருவரை ஒருவர் அறிந்து, ஒருவர் படைப்பை ஒருவர் பார்த்து வளர்ந்த கலைஞர்களின் வலைப்பின்னல் பற்றியது. அந்த வலையில் ஹில்மா இல்லை என்பது உண்மைதான். ஏன் இல்லை? அவர் வரைந்ததை எவரும் பார்க்கவில்லை.

இதைத்தான் நான் உங்களிடம் மன்றாடிச் சொல்ல வருகிறேன். பார்க்கப்படாததால்தான் அவர் வரலாற்றிலிருந்து விடுபட்டார். பார்க்கப்பட்ட பிறகுதான் சேர்ந்தார். 2013இல், ஒருகாலத்தில் மறுத்த அதே ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தி, பெர்லினுக்கும் மாலகாவுக்கும் அனுப்பியது. 2018 அக்டோபரில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சியை 6 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றில் அதுவரை எந்தக் கண்காட்சிக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. 2012இல் அவரை விட்டுவிட்ட நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமே 2022இல் அவருடைய 46 தாவரப் படங்களை வாங்கி, 2025இல் காட்சிக்கு வைத்தது. பத்தே ஆண்டில் ஒரு நிறுவனம் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது மீண்டும் கதவை அடைத்தால், அடுத்த தலைமுறையில் வரலாறு எழுதுகிறவர் அதே காரணத்தை அதே நிம்மதியோடு சொல்வார்: யார் பார்த்தார்கள், யார்மேல் தாக்கம் இருந்தது?

அந்தத் தாவரப் படங்களைப் பற்றி ஓர் ஆசிரியையாக ஒரு வார்த்தை. 1919, 1920 ஆகிய இரண்டு ஆண்டுகளின் வசந்தத்திலும் கோடையிலும் வரைந்தவை. பூவும் இலையும் காம்பும் தாவரவியல் நூலுக்குக் கொடுக்கலாம் என்னும் துல்லியத்தில் இருக்கும். பக்கத்திலேயே சிறு வட்டமோ சதுரமோ, அம்புக்குறியோ சுருளோ இருக்கும். அந்தச் செடி மனித மனத்தில் எந்தக் குணத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்கான குறி அது. கண்ணால் பார்ப்பதும் உள்ளத்தால் காண்பதும் ஒரே தாளில், ஒன்றை ஒன்று தள்ளாமல் இருக்கின்றன. உற்றுப்பார்ப்பதே அவருக்கு வழிபாடாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்படியானால், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து ஒரு படத்தின் முன் பேச்சின்றி நிற்கிற பள்ளிக்கூடப் பெண்ணைத் தேடல் இல்லாதவள் என்று யார் தீர்மானிப்பது? வாசலில் என்ன கேள்வி கேட்பீர்கள்? ஆந்த்ரபாசபிச் சங்கத்தில் உறுப்பினரா என்றா? குகன்ஹைமுக்கு வந்த ஆறு லட்சம் பேரில் எத்தனை பேர் வேடிக்கை பார்க்க வந்து வேறு மனிதராகத் திரும்பினார்கள் என்பதை எந்தப் படிவம் காட்டும்? தேடல் பல நேரம் பார்த்த பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் நாட்டில் ஒரு கதை சொல்வார்கள். திருக்கோட்டியூரில் நம்பி என்னும் ஆசாரியர், இராமானுசரைப் பலமுறை அலையவிட்டு, கடைசியில் திருமந்திரத்தின் பொருளை உபதேசித்தார். தகுதி இல்லாதவருக்குச் சொல்லக் கூடாது, மீறினால் நரகம் என்பது நிபந்தனை. இராமானுசர் நேரே கோயில் உச்சிக்கு ஏறி, கீழே கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னார். கேட்ட இத்தனை பேரும் கடைத்தேறுவார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போவதில் குறையில்லை என்றார். கடிந்துகொள்ள வந்த நம்பி அவரைத் தழுவிக்கொண்டார் என்று முடியும் கதை. புனிதமானதைக் கலப்படமின்றிக் காக்க வேண்டும் என்ற நம்பியின் கவலையும் உண்மையானதுதான். உங்கள் கவலையை நான் அந்தக் கவலையாகத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது ஹில்மாவோடு இருந்தவர்களைப் பற்றியது. அண்மைக்கால ஆய்வுகள், கோயில் ஓவியங்களில் அன்னா காசெலின் கை எவ்வளவு, மற்றத் தோழியரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியைத் தீவிரமாக எழுப்பியிருக்கின்றன. அன்னா காசெலும் கலைக் கழகத்தில் படித்தவர், ஹில்மாவுக்கு நெடுநாள் பொருளுதவி செய்தவர். சில வரிசைகள் கூட்டு வேலையாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி ஹில்மாவைக் குறைப்பதாகத் தோன்றவில்லை. தனியொரு மேதை என்ற உருவம் ஆண் ஓவியர்களுக்காகத் தைத்த சட்டை. அதை இவருக்கும் மாட்டித்தான் தீர வேண்டுமா? பல பெண்கள் சேர்ந்து இப்படி ஒரு பெரும்பணியைத் தொடங்கினார்கள் என்றால் அதன் வியப்பு கூடத்தான் செய்கிறது. லண்டனில் ஜார்ஜியானா ஹாட்டன் 1871இலேயே தம் ஆவி ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்கிறேன். யார் முதல் என்ற ஓட்டப்பந்தயத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. ஆனால் யார் எதை வரைந்தார்கள் என்பது தெரிய வேண்டும். ஓவியங்களும் குறிப்பேடுகளும் பல கண்களுக்கு, பல துறையினருக்கு, உங்களோடு கருத்து வேறுபடுகிறவர்களுக்கும் திறந்திருந்தால்தான் அது தெரியவரும்.

கோயில் கட்ட நினைக்கிறீர்கள் என்றால் கட்டுங்கள். ஹில்மா அதைத்தான் கனவு கண்டார். மெலரன் ஏரியில் முன்சோ தீவில் 1917இல் ஓவியக்கூடம் அமைத்துக்கொண்ட அவர், பின்னாளில் தீவொன்றில் சுருளாக ஏறும் படிகளோடு ஒரு கோயிலைக் குறிப்பேட்டில் வரைந்துவைத்தார். 1943இல் ஹில்லா ரிபே என்னும் இன்னொரு பெண் ஓவியர், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்கு எழுதி, ஆன்மாவுக்கு ஒரு கோயில் கேட்டார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பெண்கள். ரைட் கட்டிக்கொடுத்த சுருள் வடிவக் கட்டடம்தான் குகன்ஹைம். ஹில்மாவின் படங்கள் அந்தச் சுருளில் தொங்கியபோது, அவர் வரைந்த கோயிலுக்கு மிக நெருங்கிய ஓர் இடத்தில்தான் தொங்கின. அதைப் பார்த்தவர்கள் சும்மா ஊர்சுற்றிகள் என்றால் நான் ஒப்பமாட்டேன்.

கட்டப்போகிற கோயிலுக்கு வாசலில் தகுதித் தேர்வு வைக்காதீர்கள். தாளில் வரைந்த பழைய ஓவியங்கள் ஓயாமல் பயணம் செய்ய முடியாது; ஒளியும் ஈரமும் அவற்றைத் தின்னும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வு கொடுங்கள். ஆண்டில் சில மாதம் மட்டும் காட்டுங்கள், வரிசையை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். கடன் கேட்கும் அருங்காட்சியகங்களிடம், ஓவியத்துக்குப் பக்கத்தில் ஹில்மாவின் குறிப்பேட்டுச் சொற்களைப் படிக்கும் அளவில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அவருடைய நம்பிக்கையை மழுப்பக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். குவளை விற்பனையை நிறுத்துங்கள். இதையெல்லாம் செய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அவற்றைச் செய்துபார்க்காமலேயே பூட்டைத் தேடுவது ஏன்?

கடைசியாக, எங்கள் ஊர் சார்ந்த ஒரு விண்ணப்பம். அடையாற்றில் பிரம்ம ஞான சபை வளாகத்தில் 1886இல் தொடங்கிய நூலகம் ஒன்று இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் இருந்த ஒரு பெண் எந்தச் சபையில் பெயரைப் பதிந்துகொண்டாரோ, அந்தச் சபையின் நூலகம். ஹில்மாவின் படைப்புகள் ஏழு தொகுதிகளாக அச்சில் வந்திருக்கின்றன. அவற்றின் விலை எங்கள் ஓவிய மாணவர்களுக்கு எட்டாதது. அந்த ஏழு தொகுதிகளையும், குறிப்பேடுகளின் ஒளிப்பட நகல்களையும், முடிந்தால் ‘மிகப்பெரிய பத்து’ வரிசையில் ஒன்றின் முழு அளவு அச்சையும் அந்த நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். சபைக்காரர்களிடம் நான் போய்ப் பேசுகிறேன். என் மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். அவர்களில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

சென்னையிலிருந்து
ஓர் ஓவிய ஆசிரியை